'பொய் வலி' என்று முடிவு செய்வது யார்?

கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றால், நம்மிடம் ஆயத்தமாகப் பதில்கள் இருக்கின்றன. சூட்டு வலி. வாயு. பிள்ளை உதைக்கிறது. பொய் வலி. 'தலைச்சன் பிள்ளையா, அப்படித்தான் இருக்கும்' என்று மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். எனக்கு அவர்கள்மீது புகார் இல்லை. அதே பதிலை, வயிற்றில் கைகூட வைத்துப் பார்க்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டியூட்டி டாக்டர் சொல்கிறாரே, அவர்மீதுதான் புகார். அவரை அப்படிச் சொல்ல வைக்கும் சமூகத்தின்மீதும்.

கர்ப்ப காலத்தில் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் பிரசவம் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்பெண்டிக்ஸ் என்று நாம் சொல்லும் குடல்வால் அழற்சி கர்ப்பிணிகளுக்கும் வரும். ஏறத்தாழ 1,500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. மகப்பேறுக்குத் தொடர்பில்லாத அவசர அறுவைகளில் கர்ப்பிணிகளிடம் முதலிடம் இதற்குத்தான். அடுத்து பித்தப்பைக் கல். பிறகு குடல் அடைப்பு, குறிப்பாக முன்பு சிசேரியன் நடந்த வயிற்றில் குடல் ஒட்டிக்கொண்டு வருவது. சூலகம் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவதும் உண்டு. கர்ப்பம் தொடங்கும் வாரங்களிலேயே, கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாயை வெடிக்கவைப்பதும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு நாள் கணக்கு கிடையாது. மணிக் கணக்குதான்.

1908ஆம் ஆண்டிலேயே பாப்லர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை எழுதிவிட்டார்: கர்ப்பிணிகளின் அப்பெண்டிக்ஸ் சாவு என்பது தாமதத்தால் வரும் சாவு. அதற்குப் பிறகு ஸ்கேன் வந்தது, எம்.ஆர்.ஐ. வந்தது, ஆன்டிபயாடிக் வந்தது, துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி வந்தது. தாமதம் மட்டும் போகவில்லை. கருவி இல்லாததால் வரும் தாமதம் என்றால் கருவி வந்ததும் போயிருக்கும். போகவில்லை என்றால் அது வேறு எங்கோ குடியிருக்கிறது.

எங்கே என்று பார்க்க, இந்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை ஆகியவை அப்பெண்டிக்ஸின் அறிகுறிகள். கர்ப்பத்தின் அன்றாடமும் இவைதான். ரத்தத்தில் வெள்ளணுக்கள் 11,000ஐத் தாண்டினால் தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். கர்ப்பிணிக்கு நோயே இல்லாமல் 16,000 வரை ஏறும். வளர்ந்த கர்ப்பப்பை வயிற்றுச் சுவரை முன்னால் தள்ளிவிடுவதால், உள்ளே சீழ்பிடித்த குடல்வால் அந்தச் சுவரைத் தொடாமல் இருக்கலாம். அதனால் வயிறு பலகைபோல் இறுகும் என்ற பாடப்புத்தக அடையாளம் மங்கலாக வரும், அல்லது வராது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடம்பில் ரத்தம் 40 முதல் 50 விழுக்காடு கூடியிருக்கும். உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் கசிந்தபிறகும் நாடியும் பிரஷரும் ஒன்றும் நடக்காததுபோலக் காட்டும்.

ஆக, உடம்பின் மற்ற சாட்சிகள் எல்லாம் வாய்மூடிக்கொள்ளும் நேரம் இது. மிஞ்சுவது ஒரே சாட்சி, அவள். 'இது நேத்து வரைக்கும் இருந்த வலி இல்ல, வேற மாதிரி இருக்கு' என்று அவள் சொல்லும் ஒரு வாக்கியம். மற்ற நோயாளிகளிடம் சோதனை முடிவுகளோடு சேர்த்துப் பார்க்கப்படும் பேச்சு, கர்ப்பிணியிடம் முதன்மை ஆதாரமாகிறது. அவளை நம்பினால் அடுத்த சோதனைக்குப் போவார்கள். நம்பாவிட்டால் கேஸ் மாத்திரை.

யாருடைய சொல் சாட்சியம் ஆகும் என்பது சாதியின் மிகப் பழைய கேள்வி. மநுவின் எட்டாம் அத்தியாயம் இதற்கென்றே உட்கார்ந்து விதி எழுதுகிறது. பெண்ணின் புத்தி நிலையற்றது, ஆகவே பலர் சேர்ந்து சொன்னாலும் செல்லாது என்கிறது. சூத்திரருக்குச் சூத்திரரே சாட்சி, அடித்தட்டில் இருப்பவருக்கு அடித்தட்டில் இருப்பவரே சாட்சி என்று பிரித்து வைக்கிறது. அந்த நூலை 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரின் இயக்கம் எரித்தது. ஓ.பி. அறையில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்டங்களில் பெண்களின் பிரசவ அனுபவங்களைப் பதிவு செய்துவருகிறேன். அவற்றில் ஒன்றை, பெயரும் ஊரும் மருத்துவமனையும் இல்லாமல் இங்கே சொல்கிறேன். ஏழாம் மாதம். செங்கல் சூளை வேலை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி ராத்திரிக்குள் வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஊசி, இரண்டு மாத்திரை. அன்று இரவே வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். கூடப் போன நாத்தனார் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எந்த ஊருன்னு கேட்டாங்க கண்ணு. சொன்னேன். ஊரா, காலனியான்னு கேட்டாங்க. காலனின்னேன். அதுக்கப்புறம் அந்தம்மா எழுதுற நோட்ட விட்டுத் தலய தூக்கல."

('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆஸ்பத்திரி மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்க்கு எந்த அரசாணை?)

வலியில் கத்தியதற்கு, "ஊர்ல நாலு பேரு பெத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, நீ மட்டும் ஏன் இந்த நடிப்பு நடிக்கிற" என்று ஓர் அதட்டல். காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். 'குழந்தை நல்லாருக்கு, பொய் வலிதான்' என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்கேன் சீட்டை நான் பார்த்தேன். குழந்தையின் தலைச் சுற்றளவு இருக்கிறது, தொடை எலும்பின் நீளம் இருக்கிறது, பனிக்குட நீரின் அளவு இருக்கிறது. தாயின் குடல், பித்தப்பை, சிறுநீரகம் பற்றி ஒரு வரி இல்லை. ஸ்கேன் பார்த்தது குழந்தையை மட்டும்தான். மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சலோடு 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். அவரைக் காப்பாற்றினார்கள். அங்கே ராத்திரி நின்று அறுவை செய்த அரசு டாக்டர்களை அந்தக் குடும்பம் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறது. குழந்தை பிழைக்கவில்லை.

குடல்வால் வெடிப்பதற்கு முன் அறுவை செய்துவிட்டால் கரு இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே என்று பாடநூல்கள் சொல்கின்றன. வெடித்துப் பரவிவிட்டால் இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை போகிறது. இந்தப் பெண்ணுக்கு முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் நடுவே இருந்தவை ஓர் ஊசி, ஓர் அதட்டல், ஒரு ஸ்கேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் தொட்டிருக்க வேண்டும். ஆல்டர் சோதனை என்று ஒன்று பழைய புத்தகங்களில் உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு எங்கே அதிகம் வலிக்கிறதோ அங்கே விரலை வைத்துக்கொண்டு, அவளை இடது பக்கம் திரும்பச் சொல்வது. வலி கூடவே நகர்ந்தால் கர்ப்பப்பை சம்பந்தப்பட்டது. நகராமல் அங்கேயே நின்றால் கர்ப்பப்பைக்கு வெளியே எதையோ தேட வேண்டும். இது மட்டுமே போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். வேண்டியது ஒரு கை. அந்தக் கை யார்மீது படத் தயங்குகிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவ சேவை எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து கொடுக்கும்போதும் நோய் பார்க்கும்போதும் தொடுவதைத் தவிர்ப்பதைப் பதிவு செய்திருக்கிறது. அங்கேதான் அப்படி, பெரியார் மண்ணில் இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நான் பதிவு செய்த பேச்சுகள் அதைச் சொல்ல விடவில்லை.

தொட்ட பிறகு தாயின் வயிற்றையும் சேர்த்து அல்ட்ராசவுண்ட். அதில் தெளிவில்லை என்றால், வசதி உள்ள இடத்தில் மருந்து ஏற்றாமல் எம்.ஆர்.ஐ. அதுவும் இல்லை, உயிர் ஊசலாடுகிறது என்றால் சி.டி. எடுக்கலாம், ஒரு முறை எடுக்கும் வயிற்று சி.டி.யில் கருவைச் சேரும் கதிர்வீச்சு, ஊனத்துக்கான வரம்பாகக் கருதப்படும் 50 மில்லிகிரேவுக்குக் கீழேதான் பொதுவாக நிற்கிறது. எந்த மாதமானாலும் தேவையான அறுவையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019இல் எழுத்துப்பூர்வமாகச் சொல்லியிருக்கிறது. லேப்ராஸ்கோபியும் எந்த மாதத்திலும் செய்யத்தக்கதே. மேசையில் படுக்க வைக்கும்போது, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்க, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். இதெல்லாம் ரகசியமில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் படித்திருக்கும் விஷயம்.

'குழந்தைக்கு ஆபத்து, அதனால்தான் கத்தி வைக்கத் தயங்குகிறார்கள்' என்று ஒரு வாதம் வரும். கத்திமீது தமிழ்நாட்டு மருத்துவத்துக்கு அவ்வளவு பயமா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிசேரியன் 21.5 விழுக்காடு. தமிழ்நாட்டில் 44.9. ஏறக்குறைய இரண்டில் ஒரு வயிறு இங்கே கத்தியைப் பார்க்கிறது. பகல் வேளையில், தேதி குறித்து, பில் போட்டு நடக்கும் கத்திக்குத் தயக்கம் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சேரியிலிருந்து வரும் வயிற்றுக்குத்தான் குழந்தையின் ஞாபகம் வருகிறது. அப்போது நடப்பது பந்தாட்டம். அறுவைப் பிரிவு 'கர்ப்பிணி, கைனக்குப் போ' என்னும். மகப்பேறு பிரிவு 'இது எங்கள் கேஸ் இல்லை, சர்ஜனைப் பார்' என்னும். இரண்டு பிரிவுக்கும் நடுவே உள்ள வராண்டாவில் ஸ்ட்ரெச்சர் நிற்கும். சொல்லி அழைக்க ஒரு தெரிந்த டாக்டர், ஒரு கவுன்சிலர், ஒரு சாதிச் சங்கத் தலைவர் இருப்பவர்களின் ஸ்ட்ரெச்சர் சீக்கிரம் நகரும்.

இன்னொரு வாதம் முற்போக்கு முகாமிலிருந்தே வரும்: 'இது சாதி இல்லை தோழர், வறுமை.' வறுமையும்தான். கர்ப்பிணிகளில் ரத்தசோகை தமிழ்நாட்டில் 48.3 விழுக்காடு என்கிறது அதே கணக்கெடுப்பு. உள்ளே ரத்தம் கசியும்போது ஏற்கெனவே வெளுத்துப்போன உடம்புக்குத் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைவு. ஆனால் வறுமையை மட்டும் சொல்லி நழுவ முடியாது. வியாஸ், ஹாத்தி, குப்தா மூவரும் 2022இல் ஒன்பது மாநிலங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுட்காலம் மூன்று ஆண்டுக்கும் மேல், ஆதிவாசிகளின் ஆயுட்காலம் நான்கு ஆண்டுக்கும் மேல் குறைவு. பொருளாதார நிலையைக் கழித்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் பாதிகூட அடைபடவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை, உண்மை. தமிழ்நாட்டுக்கு இப்படி ஓர் ஆய்வு செய்ய யார் தடுத்தார்கள்?

கருக்குழாய் வெடிப்புக்கு வருவோம். இங்கே சாதி இன்னும் நேரடியாக வேலை செய்கிறது. கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று இரண்டு இப்படி இடம்மாறித் தங்குகிறது. நாள் தள்ளிப்போயிருக்கும், அடிவயிற்றில் வலி, கொஞ்சம் ரத்தக்கசிவு, தலைசுற்றல். சிலருக்குத் தோள்பட்டையில் வலி, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால். குழந்தை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண் வயிற்றுவலி என்று வந்தாலும் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அட்டை. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் அதற்கு முன் ஒரு கேள்வி நிற்கிறது: "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றால் சோதனை இல்லை, அல்லது அம்மா அப்பா முன்னால் உரக்க அடுத்த கேள்வி. சாதி மாறிக் காதலிக்கும் ஒரு பெண் அந்த இடத்தில் உண்மை சொல்வாளா? சொன்னால் வீட்டில் கொலை விழும், சொல்லாவிட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் என்ற நிலையில் அவளை நிறுத்திவிட்டு, 'பேஷன்ட் மறைத்துவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எந்த மருத்துவம்? துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சிறுநீர்க் குப்பியைக் கையில் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்? 1883இல் லாசன் டெய்ட் வெடித்த கருக்குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். ஒன்றரை நூற்றாண்டாகத் தீர்வு உள்ள நோய்க்கு நம் பெண்கள் குடும்ப கௌரவத்தின் பெயரால் சாகிறார்கள்.

கையெழுத்து என்ற தாமதமும் உண்டு. புருஷன் வரட்டும், மாமனார் வரட்டும். வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடம்புக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதம் நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்று விரிவாகவே சொல்லிவிட்டது. அவசர நிலையில் அரசு, தனியார் எந்த டாக்டரும் சிகிச்சையை மறுக்க முடியாது என்பது 1989 பரமானந்த் கட்டாரா தீர்ப்பு. தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. அரியானாவின் ஃபரிதாபாத்தில் வாழ்ந்த சாந்தி தேவி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பட்டியல் சாதிப் பெண், வயிற்றில் இறந்துபோன கருவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பப்பட்டு ஐந்து நாள் அலைந்தார். அதில் பிழைத்தவர், அடுத்த பிரசவத்தில் 2010 ஜனவரியில் இறந்தார். ஜூன் மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முரளிதர், தாய்மைக்கால மருத்துவம் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பெழுதினார். நல்ல தீர்ப்பு. சாந்தி தேவி அதைப் படிக்க இருக்கவில்லை.

அறுவை அரங்கில் யார் நிற்கிறார்கள் என்பதும் இதே சங்கிலியின் ஒரு கண்ணிதான். மும்பையில் 2019 மே மாதம் தற்கொலை செய்துகொண்ட பாயல் தத்வி, மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆதிவாசிப் பெண். மூத்த மாணவிகள் சாதியைச் சொல்லி வதைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உடன் படிப்பவரையே சமமாகப் பார்க்க மறுக்கும் ஒரு வார்டு, படுக்கையில் கிடக்கும் ஆதிவாசிப் பெண்ணின் வலியை எப்படிக் கேட்கும்? தமிழ்நாட்டில் தாலுகா ஆஸ்பத்திரி வரை சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் மகப்பேறு மருத்துவரும் போய்ச் சேர்ந்ததற்கு, அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் பாதி இடம் என்ற ஏற்பாடு ஒரு பெரிய காரணம். 'தகுதி' கூச்சல் போட்டு அதைத்தான் முதலில் முறித்தார்கள். 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லும்வரை போராட வேண்டியிருந்தது. இட ஒதுக்கீட்டை வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் பேசும் நண்பர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு சீமாங் மையத்தில் யார் இருக்கிறார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தமிழ்நாட்டின் தாய்மரண விகிதம் 2018-20இல் லட்சத்துக்கு 54, இந்தியாவுக்கு 97. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, கிராம சுகாதாரச் செவிலியர்கள் நடந்து நடந்து கொண்டுவந்த எண் அது. ஆனால் அந்த 54 யார்? மாதிரிப் பதிவு அமைப்பின் அறிக்கையில் மாநிலம் இருக்கிறது, வயது இருக்கிறது. சாதி இல்லை. அப்பெண்டிக்ஸில் செத்த கர்ப்பிணியைத் 'தற்செயல் காரணம்' என்று எழுதிவிட்டால் அவள் தாய்மரணக் கணக்கிலேயே வரமாட்டாள். அந்த வரையறை தற்செயல் மரணங்களை வெளியே தள்ளிவிடுகிறது. பிழைத்து, குழந்தையை மட்டும் இழந்த செங்கல் சூளைப் பெண் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. தாய்மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கத்தை நாட்டிலேயே முன்னோடியாகத் தொடங்கிய மாநிலம் இது. தணிக்கைப் படிவத்தில் இறந்தவரின் சமூகப் பிரிவையும், 'வலிக்கிறது' என்று அவர் முதன்முதலில் ஒரு சுகாதார ஊழியரிடம் சொன்ன நேரத்தையும், வயிற்றில் முதல் கை பட்ட நேரத்தையும், அறுவை தொடங்கிய நேரத்தையும் எழுதி, பெயரை நீக்கி, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய திட்டத்துக்குப் பெயர் சூட்டு விழாவும் வேண்டாம்.

அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் கர்ப்பிணிகளுக்கு நடந்த மகப்பேறு அல்லாத அவசர அறுவைகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள், சமூகப் பிரிவு வாரியாக எத்தனை பேர், பதிவு இல்லை என்றால் ஏன் இல்லை. பெயர் கேட்காதீர்கள், மறுக்க அது ஒரு சாக்காகும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.